எண்பத்தைந்து காட்டிய அறை

அன்றைக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் நடந்த பேச்சு மருமகளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. பின்னால் எல்லாம் கோணலாகிப் போனபோது, தவறு எந்த இடத்தில் உள்ளே நுழைந்தது என்று தேடி அதை மனதுக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

கடைக்காரர் முதலில் கேட்டது தூரத்தைத்தான்.

“சென்சாருக்கும் போர்டுக்கும் எவ்வளவு தூரம் சார்?”

“வீட்டுக்குள்ளதான் தம்பி,” என்றார் மாமனார்.

“வீட்டுக்குள்ளன்னா? மேசை மேலயே வைக்கறதா, மாடிக்கு இழுக்கறதா?”

“மாடிக்கும் போகணும். மொத்தம் அஞ்சு இடம். அஞ்சுலயும் எவ்வளவு சூடுன்னு ஒரே இடத்துல உக்காந்து பாக்கணும்.”

கடைக்காரர் கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து சின்னச் சின்னப் பைகளாக எடுத்து மேசைமேல் பரப்பினார். முதலில் ஊதா நிறத்தில் நகம் அளவுக்கு ஒரு துண்டு. “இது ஐ-டூ-சி. சூடும் சொல்லும், ஈரப்பதமும் சொல்லும். ஆனா கை எட்டுற தூரத்துலயே இருக்கணும். மாடிக்கு இழுத்தா மூச்சு வாங்கும்.”

“வேணாம். அடுத்தது.”

“இது யூஎஸ்பி. கம்ப்யூட்டர்ல சொருகினா வேலை முடிஞ்சுது. அஞ்சு இடம்னா அஞ்சு வாய் வேணும். அந்த வயரும் ரொம்ப நீளம் போகாது.”

“கம்ப்யூட்டரை இடுப்புல தூக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் அலையவா? அடுத்தது.”

“எதுக்கு சார் இவ்வளவு கஷ்டம்? வைஃபை வாங்கிக்கோங்க. வயரே கிடையாது. சுவத்துல ஒட்டிட்டு போன்ல...”

“அதை மட்டும் சொல்லாதீங்க.”

குரல் உயரவில்லை. ஆனாலும் கடைக்காரர் அந்தப் பையைத் தானாகவே உள்ளே வைத்துவிட்டார். கடைசியாக எடுத்தது, முனையில் எஃகுக் குப்பி மாட்டிய, வால் மாதிரி ஒரு கறுப்பு வயர். “இது ஒன்-வயர். ஈரம் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மாடி என்ன, மொட்டை மாடிக்கு இழுத்தாலும் பேசும்.”

மாமனார் வாலின் நுனியைப் பிரித்துப் பார்த்தார். “பேரு ஒன்-வயர். உள்ளே மூணு இருக்கே?”

“பேசறது ஒண்ணுலதான் சார். மத்த ரெண்டும் அதுக்குச் சாப்பாடு போடறதுக்கு.”

மாமனார் சிரித்தார். “அஞ்சையும் எப்படிச் சேக்கறது?”

“ஒரே வயர் வீடு முழுக்கச் சுத்தி வரணும். வழியில ஒவ்வொண்ணா கோத்துக்கிட்டே போகணும்.”

“நடுவுல அறுந்தா?”

“அதுக்கு அப்புறம் இருக்கறது எல்லாம் போயிடும்.”

“அப்ப அஞ்சுக்கும் தனித்தனியா இழுத்துக்கறேன்.”

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் மின்விசிறி மோட்டாரை மேசைமேல் தொப்பென்று வைத்து, “இதைக் கொஞ்சம் பாருங்க,” என்றார். “சின்ன வீடுன்னா ஓடும் சார்,” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் மோட்டார் பக்கம் திரும்பிவிட்டார்.

பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மருமகளுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தவறு நுழைந்த இடம் அதுதான்.

மாமனார் தொலைபேசி இலாகாவில் கேபிள் இணைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் லைன்மேன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே லைனில் நாலு வீடுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் பேசினால் மற்ற மூன்று வீட்டிலும் கேட்கும். “ஒருத்தி போன்ல அழுதா, மூணு வீட்டுல மூக்கு சிந்துவாங்க,” என்பார். அந்தக் கூட்டு லைன்களை எல்லாம் பிரித்து, வீட்டுக்கு வீடு தனி ஜோடிக் கம்பி இழுத்துக் கொடுத்ததுதான் அவருடைய பாதி ஆயுள். மழைக்காலத்தில் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, நூற்றுக்கணக்கான ஜோடிகளை நிறம் பார்த்துப் பிரித்தவர். ஒரு வீட்டின் கோளாறு அடுத்த வீட்டைத் தொடக்கூடாது. இது அவருக்குச் சுத்தம் மாதிரி. இதில் பேச்சுவார்த்தை கிடையாது.

வைஃபை மேல் அவருக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் வேறு. போன வருடம் மாமியாருக்கு நரம்புத் தளர்ச்சி மாதிரி ஒன்று வந்து போனது. போகும்போது வியர்வையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு வியர்க்காது, சூடும் உறைக்காது. அறையில் முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால் ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாமியாரோ மாடியில் தையல் இயந்திரத்தை விட்டு நகராத மனுஷி. ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் சரியாக விழும். ஏசி இருந்தது, போட்டால் விரல் விறைத்து ஊசி பிடிக்க வரவில்லை என்று அணைத்துவிடுவார். அணைத்தது அவருக்கே மறந்துபோகும்.

வெளியூரிலிருக்கும் மகள் சோப்புக்கட்டி மாதிரி ஒரு வெள்ளைப் பெட்டியை அனுப்பிவைத்தாள். வைஃபை சென்சார். மாமனாரின் போனில் எண் தெரியும். கோடையில் ஒருநாள் காலையிலேயே அந்தப் பெட்டிக்கு இணைப்பு அறுந்துபோயிருக்கிறது. போன் அதைச் சொல்லவில்லை. கடைசியாகக் கேட்ட இருபத்தெட்டையே நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று கீழே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார் மாமனார். மேலே மாமியார் தைத்துக்கொண்டிருந்த துணிமேலேயே சரிந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று மகள் போனில் சொன்னாள்: “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடுவேன். கீழ்வீடு, வெயில் படாத அறை, எல்லாம் இருக்கு. அப்பா, இதுல நான் உங்களைக் கேக்கப் போறதில்லை.”

மாமியார் போனைப் பிடுங்கி, “என்னை என்ன பார்சலா, அனுப்பறதுக்கு?” என்றார். ஆனால் அந்த வீட்டில் மகள் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாமனாருக்கு இனி ஒரே ஒரு நிபந்தனைதான். “செத்த லைன் செத்த லைனாத் தெரியணும். நேத்துப் பேசினதையே இன்னைக்கும் பேசக்கூடாது. வயர்னா கையில பிடிச்சு இழுத்துக்கிட்டே போய்ப் பாக்கலாம். காத்துல போறதை எங்கே பிடிச்சு இழுக்கறது?”

ஒன்-வயர் வாங்கிய வாரமே வேலை தொடங்கியது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி. அதிலிருந்து கூடத்துக்கு, சமையலறைக்கு, படுக்கையறைக்கு, மாடி முகப்புக்கு, தையல் அறைக்கு என்று ஐந்து கேபிள்கள், நெட்வொர்க்குக்குப் போடுகிற எட்டுக் கம்பிக் கேபிள். சுவர் வெட்டி, குழாய் பதித்து, பூச்சும் பூசியாகிவிட்டது. பெட்டிக்குள் கம்பிகளை மெழுகு நூலால் கட்டியிருந்தார். பின்னல் போட்ட தலை மாதிரி இருந்தது. மகன் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து போர்டுக்கு நிரல் எழுதிக் கொடுத்தான்: தையல் அறை முப்பத்திரண்டைத் தொட்டால் பஸ்ஸர் அலறும், சென்சார் பேசாவிட்டால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு. அதோடு அவன் கைகழுவிக்கொண்டான். அவனுக்கு ஷிப்ட் வேலை.

“மீதி நாலு அறையில யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டார் மாமியார்.

“உன் அறை மட்டும் சொன்னா, அது சொல்றது நிஜமான்னு எதோட ஒப்பிட்டுப் பாக்கறது? நாலு சாட்சி வேணாமா?”

“கல்யாணத்துக்கே ரெண்டு சாட்சிதான் வச்சீங்க.”

பெட்டியை மூடி, மின்சாரம் கொடுத்து, திரையில் ஐந்து எண்களும் வரிசையாக வந்தபோது மாமனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தையல் அறை எண்பத்தைந்து டிகிரி காட்டியது.

பஸ்ஸர் அலற, மாமனார் படியில் பாய்ந்து ஏறினார். மேலே மாமியார் ஏசி குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “என்ன, வீடு பத்திக்கிச்சா?” என்றார். கீழே வந்து பார்த்தால் இருபத்தாறு. மத்தியானம் சமையலறை எண்பத்தைந்து. பிறகு கூடம் வெறும் கோடு. பிறகு மறுபடி தையல் அறை எண்பத்தைந்து.

“எண்பத்தஞ்சுல முட்டையே வெந்துடும்,” என்றார் மாமியார். “நான் இன்னும் வேகலையே. பழைய ஆளு, நேரமாகும் போல.”

மாமனார் எல்லா முனைகளையும் பிரித்து மறுபடி பற்றவைத்தார். சென்சாரை மாற்றினார். போர்டை மாற்றினார். கேபிளில் எங்கோ ஆணி பட்டிருக்கும் என்று புதுப் பூச்சை ஒரு இடத்தில் கொத்திப் பார்த்தார், ஆணி இல்லை. ஒரு நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். “சரியாயிடுச்சு,” என்று வாய்விட்டுச் சொன்ன நேரத்தில் அலறும். அவர் படியேறுவார், மூச்சிரைக்க இறங்குவார், சுவரைப் பார்த்துத் திட்டுவார். திட்டுவதற்கு எதிரே ஆள்கூட இல்லை என்பதுதான் அவருக்கு ஆத்திரம்.

“ம்மா, இங்கிலீஷ்ல இதைப் பத்தி என்ன எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு,” என்று ஒருநாள் சென்சாரோடு வந்த தாளை மருமகளிடம் நீட்டினார். அவள் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவள். தாளில் பாதிதான் இருந்தது. மீதியை இணையத்தில் தேடிப் படித்தாள். படித்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டுதான் வாய் திறந்தாள்.

“எண்பத்தஞ்சுங்கறது அளந்த எண்ணே இல்லை மாமா. சென்சாருக்கு ஒரு நொடி கரண்ட் தடுக்கினா திரும்ப முழிக்கும். முழிச்ச உடனே, இன்னும் எதையும் அளக்கறதுக்கு முன்னாடி, கையில வச்சிருக்கற எண் அது.”

“தூக்கக் கலக்கத்துல உளர்றது.”

“ஆமா. வயர் கிளை கிளையாப் பிரிஞ்சா இந்த மாதிரி தொல்லை எல்லாம் வரும்னு எழுதியிருக்கு. ஒவ்வொரு கிளையோட நுனியிலயும் சிக்னல் முட்டித் திரும்பி, அடுத்ததோட பேச்சைக் கெடுக்குமாம். ஒரே கோடா, அறை அறையாப் போகணுமாம்.”

மாமனார் அவளைப் பார்த்தார். “கூட்டு லைன்.”

அவள் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

“நாலு வீட்டை ஒரு கம்பியில தொங்கவிடறது. அதைப் பிரிக்கறதுக்குத்தானம்மா எனக்குச் சம்பளம் கொடுத்தாங்க.”

“அத்தை ரூமை மட்டும் வச்சுட்டு மத்ததைக் கழட்டிடலாமா மாமா?”

“அப்ப அது ஒண்ணு மட்டும் பொய் சொன்னா?”

இப்போது ஐந்துமே பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மகன் வந்தபோது வேறு ஒரு வழி சொன்னான்: “எண்பத்தஞ்சுன்னு வந்தா கண்டுக்காதேன்னு ஒரு வரி எழுதிடறேன்பா. தொல்லை விட்டுது.”

“அது உளர்ற நேரத்துல அந்த ரூம்ல நிஜமா எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“பின்னே? அதோட வாயைப் பொத்திட்டு நீ தூங்கலாம். நான் எப்படித் தூங்கறது?”

அப்பாவும் மகனும் அந்த வாரம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் மகள் வந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வருவதாகச் சொல்லித்தான் வந்தாள். பெரிய பெட்டி ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்திருந்தாள். அதை மாமனார் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. படிக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். மெழுகு நூல் கட்டைக் காட்டினார். “பாத்தியா, எந்த அறையோட கம்பி எதுன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.”

“அழகா இருக்குப்பா,” என்றாள் மகள். நிஜமாகவே சொன்னாள்.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் மேலே ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸர் அலறியது.

மகள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்று சுற்றிலும் பார்த்தாள். தம்பி போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தான். அப்பா திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் காபியை ஒரு வாய் குடித்தார். மருமகளும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

“அலாரம் அடிக்குது,” என்றாள் மகள்.

“எண்பத்தஞ்சு,” என்றார் மாமனார். “அது பொய். தானா அடங்கிடும்.”

“நிஜமா முப்பத்தஞ்சு ஆகி அடிச்சாலும் இப்படித்தான் காபி குடிச்சிட்டு இருப்பீங்களாப்பா?”

பஸ்ஸர் அடங்கியது. மகள் மாடிக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். “அடுத்த லீவுக்கு வரேன். அதுக்குள்ள இது ஒழுங்கா ஓடணும், இல்லைன்னா அம்மா என்கூட வரணும்,” என்றாள். காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது, அதன் சக்கரம் தரையில் உருளும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அதன் பிறகு மாமனார் படிக்கு அடியில் ஒரு முக்காலி போட்டு, திறந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரை மறுபடி வெட்ட அவருக்கு உடம்பில் தெம்பில்லை, அதைவிட மனசு இல்லை. மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தபோது நிமிராமலே பேசினார்.

“எட்டுக் கம்பியில மூணுதானே போட்டிருக்கேன். மீதி சும்மாக் கிடக்கு.”

“ஆமா மாமா.”

“பேச்சு ஒரு கம்பியில கூடத்துக்குப் போகட்டும். அங்க சென்சாரைத் தொட்டுட்டு, சும்மாக் கிடக்கற இன்னொரு கம்பியில இங்கேயே திரும்பி வரட்டும். அப்புறம் சமையலறைக்குப் போகட்டும், திரும்பி வரட்டும். சுவத்துக்குள்ள அஞ்சு கேபிள். ஆனா பேச்சுக்கு அது ஒரே வழி.” நிமிர்ந்தார். “கூட்டு லைன்தான். என் கையாலயே போடறேன்.”

மெழுகு நூலை அவரே வெட்டினார். ஒவ்வொரு கட்டாக வெட்டும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார். நீளம் இரட்டிப்பானதால் போர்டுக்குப் பக்கத்திலிருந்த ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்குக் கடைக்காரருக்கு மூன்று தடவை போன். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார், கோக்கணும்னு,” என்றார் கடைக்காரர். “சின்ன வீடுன்னா ஓடும்னும் நீங்கதான் சொன்னீங்க,” என்றார் மாமனார்.

எண்பத்தைந்து நின்றுவிட்டது. ஒரு வாரம் பஸ்ஸர் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மாமனார் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. மறுபடி மெழுகு நூல் கட்டவும் இல்லை. கம்பிகள் பெட்டிக்குள் சும்மா மடங்கிக் கிடந்தன.

வெயில் ஏறிய ஒரு மத்தியானம். பக்கத்து வீட்டில் யாரோ கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். புழுதி தையல் துணியில் படியக்கூடாது என்று மாமியார் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார். விரல் விறைக்கிறது என்று அதற்கு முன்பே ஏசியை அணைத்தாயிற்று. கீழே சாப்பாட்டு மேசையில் மாமனார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மருமகள் மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸர் அலறியது.

“பொய்,” என்றார் மாமனார். திரையைக்கூடப் பார்க்கவில்லை. “அடங்கிடும்.”

மருமகள் பார்த்தாள். முப்பத்து நாலு. முப்பத்து நாலு பொய்யான எண் இல்லை. அவள் ஓடினாள்.

மாமியார் நாற்காலியில்தான் இருந்தார். முகம் செக்கச் செவேலென்று, தொட்டால் சுட்டது. கத்தரிக்கோல் கீழே கிடந்தது. அதைத் தேடுகிறவர் மாதிரி கை மடிமேல் தடவிக்கொண்டிருந்தது. “என்னடி, மறுபடி வெந்துட்டேனா?” என்று கேட்டார். நாக்கு குழறியது. மருமகள் ஜன்னலைத் திறந்தாள், ஏசியைப் போட்டாள், குளியலறைக்கு ஓடித் துண்டை நனைத்து வந்து கழுத்திலும் கையிலும் சுற்றினாள், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பியபோது அறை வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். தேநீர்க் கோப்பை இன்னும் கையில் இருந்தது.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் மாமியார் எழுந்து உட்கார்ந்து, காலர் பாதியில் நிற்கிறதே என்று புலம்பத் தொடங்கினார்.

மறைக்கலாம் என்று மகன் சொன்னான். மாமனார் கேட்கவில்லை. அவரே மகளுக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தான் எழுந்திருக்கவில்லை என்பதையும் சொன்னார்.

“மெஷின் சரியாச் சொல்லுச்சா?” என்றாள் மகள்.

“சொல்லுச்சு.”

“முதல்ல மேல போனது யாரு?”

“உன் தம்பி பொண்டாட்டி.”

“அவ வீட்டுல இருக்கற வரைக்கும் அம்மா அங்கேயே இருக்கட்டும்,” என்று சொல்லி மகள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மாமனார் படிக்கு அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்த திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தார். எதுவும் தளர்ந்திருக்கவில்லை. மருமகள் அந்தப் பக்கமாகத் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனபோது கூப்பிட்டார்.

“ம்மா. ஒண்ணு கேக்கட்டுமா?”

“சொல்லுங்க மாமா.”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். “எத்தனை தடவை சும்மா ஓடினேன், பாத்தேல்ல. இப்ப அது நிஜத்தைச் சொல்லுது. என் காலுக்குத்தான் நம்பிக்கை வர மாட்டேங்குது. வயரை மாத்திட்டேன், இதை எப்படி மாத்தறதுன்னு தெரியலை.” பெட்டியின் மூடியைப் போட்டார். “இனிமே அது கத்தினா நான் எழுந்திருக்கறேனான்னு பாத்துக்கிட்டு நிக்காதே. நீ போயிடு. எண்பத்தஞ்சுன்னு காட்டினாலும் போயிடு. நான் பொய்னு சொன்னாலும், திட்டினாலும், காதுல வாங்காதே. நீ பாட்டுக்கு மேல போயிடும்மா.”